கரண்ட் போனாலும் கெடாத ஸ்கிரிப்ட்: பாட வீடியோக்களை இரவில் தானாக இறக்கி மாற்றுவது

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் பொறுப்பாக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வி சுருக்கமாக இதுதான். சாதாரண தரப் பிள்ளைகளுக்காகச் சில ஆசிரியர்கள் தங்கள் யூடியூப் பக்கத்தில் பாடம் போடுகிறார்கள். இறக்கி வைத்து நிலையத்தில் காட்டச் சம்மதமும் தந்திருக்கிறார்கள். கிழமைக்கு இருபது முப்பது வீடியோ சேர்கிறது. ஒவ்வொரு இணைப்பையும் விளம்பரம் நிறைந்த ஒரு தளத்தில் ஒட்டி இறக்கி, இன்னொரு மென்பொருளில் போட்டு மாற்றி, பென் ட்ரைவில் ஏற்றி மண்டபத்து டிவியில் செருகினால் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. இடையில் லைன் விழுகிறது, கரண்ட் போகிறது. இந்த வேலை முழுவதையும் ஒரு பாட்ச் ஃபைலில், அதாவது விண்டோஸ் வரிசையாக ஓட்டும் கட்டளைகள் கொண்ட ஸ்கிரிப்டில், எழுதி இரவில் தானாக நடக்க வைக்கலாமா? அதோடு, கோயில் பொங்கல் காலத்தில் பிடித்த கூத்துப் பதிவுகளையும் இதே வழியில் மாற்றி வைக்கலாமா?

முதல் கேள்விக்குப் பதில், தாராளமாக. இரண்டாவதற்கு வேறு பதில் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

தம்பி, இணையத்தில் தேடினால் ஐந்து வரி, ஆறு வரி மாதிரி ஸ்கிரிப்ட்கள் நிறையக் கிடைக்கும். அவை பிழையில்லை. ஆனால் லைன் விழாத, கரண்ட் போகாத இடத்தை நினைத்து எழுதப்பட்டவை. முத்தையன்கட்டுப் பக்கம் காற்றோடு ஒரு மழை பெய்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நமக்கு வேண்டிய ஸ்கிரிப்ட் எந்த நொடியில் நின்றாலும் கெடக்கூடாது. மறுபடி தொடங்கும்போது முடிந்ததைத் திரும்பச் செய்யக்கூடாது, பாதியில் அறுந்ததை முழுசு என்று நம்பவும் கூடாது. வேகம் இரண்டாவது விஷயம்தான். விடியும்வரை நேரம் இருக்கிறது.

ஸ்கிரிப்டை முழுசாகக் கொப்பி பண்ணத் தராமல், எந்த வரி எதற்கு என்று சொல்லிக்கொண்டு போகிறேன். உங்கள் டிவியும் போல்டரும் டேட்டாப் பொதியும் என்னுடையவை மாதிரி இருக்காது. காரணம் விளங்கினால் நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

கருவிகள் இரண்டு. இரண்டும் இலவசம். இறக்குவதற்கு வைடி-டிஎல்பி. 2006இல் தொடங்கிய யூடியூப்-டிஎல் என்ற பழைய கருவியிலிருந்து 2021இல் பிரிந்து வளர்ந்தது இது. பழைய வழிகாட்டிகள் இன்னும் யூடியூப்-டிஎல்லையே சொல்லும், அதன் பின்னால் போகவேண்டாம். மாற்றுவதற்கு எஃப்எஃப்எம்பெக். ஃபப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000இல் தொடங்கிய திட்டம். சந்தையில் இருக்கும் பல மாற்றும் மென்பொருட்களின் உள்ளே வேலை செய்வதும் இதுதான். 2025 இறுதியிலிருந்து யூடியூபிலிருந்து எல்லாத் தரத்தையும் ஒழுங்காக எடுக்க, டீனோ போன்ற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியும் கணினியில் இருக்கவேண்டும். மூன்றையும் அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். 'இலவச டவுன்லோடர்' என்று விளம்பரம் காட்டும் பக்கங்களில் வேறு எதையோ சேர்த்துத் தருவார்கள்.

எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போடுங்கள். போல்டரின் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சிறியதாக இருக்கட்டும். ஸ்கிரிப்டின் முதல் வேலை, தான் இருக்கும் போல்டருக்குள்ளேயே போவது. இதை விட்டால், நீங்கள் இரட்டைக் கிளிக் செய்யும்போது சரியாக ஓடும், இரவில் விண்டோஸ் தானாக ஓட்டும்போது மட்டும் கோப்பைக் காணவில்லை என்று சொல்லும். தானியங்கி ஓட்டம் வேறொரு போல்டரிலிருந்து தொடங்குவதுதான் காரணம். இரண்டாவது வேலை, வைடி-டிஎல்பியைத் தன்னைத்தானே புதுப்பிக்கச் சொல்வது. யூடியூப் உள்ளே அடிக்கடி மாற்றம் செய்யும், பழைய பதிப்பு ஒருநாள் திடீரென்று நின்றுவிடும். நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

இனி உங்கள் டிவிப் பிரச்சினை. சத்தம் வந்து படம் வராததற்குக் காரணம், எம்பி4 என்பது வெறும் பெட்டி. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பெயர் சொல்லாது. யூடியூப் ஒரே வீடியோவைப் பல வடிவங்களில் வைத்திருக்கிறது: எச்.264, விபி9, ஏவி1. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் கருவி 'மிகச் சிறந்தது' என்று விபி9ஐயோ ஏவி1ஐயோ தூக்கும். கொஞ்சம் பழைய டிவிக்கு அவை தெரியாது, எச்.264 மட்டும்தான் தெரியும். அதனால் ஏஏசி என்ற ஒலி வடிவத்தில் இருக்கும் சத்தத்தைப் பாடிவிட்டுப் படத்தைக் கைவிடுகிறது. மறுபுறம், படம் வந்து சத்தம் வராவிட்டால் ஒலி ஓபஸ் வடிவத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே இறக்கும்போதே எச்.264 படமும் ஏஏசி ஒலியும் வேண்டும் என்று கேளுங்கள். படத்தின் உயரம் 1080 புள்ளி வரைக்கும் யூடியூபில் எச்.264 கிடைக்கிறது. பெரிய எஸ் எழுத்தால் குறிக்கும் வரிசைப்படுத்தும் தெரிவில் முதலில் எச்.264, பிறகு உயரம் 480, பிறகு ஏஏசி என்று எழுதினால், 480ஐத் தாண்டாத மிகப் பெரிய அளவைக் கருவியே தேர்ந்தெடுக்கும். ஒன்றாக இணைக்கும்போது எம்பி4 ஆகவே இணைக்கச் சொல்லுங்கள். இப்படி இறக்கினால் பெரும்பாலான பாடங்களுக்கு மாற்றுகிற வேலையே இருக்காது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும் இறக்கி எல்லாவற்றையும் திரும்பச் சுருக்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. பழைய லாப்டொப் ஒன்று இரவு முழுக்கக் கொதிக்கும், கரண்ட் பில் ஏறும், ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் படம் கொஞ்சம் மங்கும்.

480 போதுமா என்று பாடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆசிரியர் நின்று கதைக்கும் பாடத்துக்குத் தாராளமாகப் போதும். கணிதத்தில் அடுக்குக்குறியும் பின்னமும் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியவேண்டும் என்றால் 720 எடுங்கள், அங்கே மிச்சம் பிடிக்கவேண்டாம். அளவுக் கணக்கு எளிது. வீடியோ நொடிக்கு 1000 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரம் 450 மெகாபைட், 500 கிலோபிட் என்றால் 225 மெகாபைட். கரும்பலகைப் பாடத்தில் அசைவு குறைவு என்பதால் அளவும் சிறிதாகவே வரும். வரலாறு, இலக்கியம் மாதிரிப் பாடங்களை ஒலியாக மட்டும் எடுத்தால், 64 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் 29 மெகாபைட்தான் வரும். தூரத்திலிருந்து வரும் பிள்ளை அதைப் போனில் போட்டுக்கொண்டு போகலாம்.

இணைப்புகளை ஸ்கிரிப்டுக்குள் எழுதாதீர்கள். யூடியூப் இணைப்புகளில் & குறி வரும். மேற்கோளுக்குள் இல்லாத & குறியைக் கண்டால் கட்டளை அங்கே முடிந்தது என்று விண்டோஸ் நினைக்கும். சில இணைப்புகளில் % குறியும் வரும், பாட்ச் ஃபைலுக்குள் அதற்கு வேறு அர்த்தம். ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்புகளை ஒரு சாதாரண உரைக் கோப்பில் வரிக்கு ஒன்றாக ஒட்டி, அந்தக் கோப்பைப் படி என்று வைடி-டிஎல்பிக்குச் சொல்வதுதான் சரியான வழி. # குறியில் தொடங்கும் வரியை அது படிக்காது. 'தரம் 10 விஞ்ஞானம்' என்று தமிழிலேயே தலைப்பு எழுதி வைக்கலாம். கணினி தெரியாத ஒருவர்கூட இந்தக் கோப்பில் ஒரு வரி சேர்க்க முடியும். ஸ்கிரிப்டை யாரும் தொடத் தேவையில்லை.

இன்னும் நல்லது, ஆசிரியரை ஒரு பிளேலிஸ்ட் போடச் சொல்வது. அதன் இணைப்பு ஒன்றே ஒன்று பட்டியலில் இருந்தால், அவர் புதிதாகச் சேர்க்கும் பாடம் அன்றிரவே உங்களிடம் வந்துவிடும். ஆனால் இங்கே ஒரு கண் வேண்டும். யாரோ ஒருவர் பிளேலிஸ்ட் ஒன்றைப் பார்த்துக்கொண்டே ஒரு வீடியோவின் இணைப்பைக் கொப்பி பண்ணினால், அந்த இணைப்பின் வாலில் பிளேலிஸ்டும் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு பாடத்துக்குப் பதிலாக நூறு பாடம் இறங்கி அந்த மாத டேட்டா ஓரிரவில் தீரும். அதனால் தனி வீடியோக்களுக்கு ஒரு பட்டியல், பிளேலிஸ்டுகளுக்கு இன்னொன்று என்று பிரித்து வையுங்கள். முதல் பட்டியலுக்கு 'நோ-பிளேலிஸ்ட்' என்ற தெரிவைக் கட்டாயம் சேருங்கள். அதோடு ஓர் இரவுக்கு அதிகபட்சம் இத்தனைதான் என்று எண்ணிக்கைக்கும் வரம்பு போடலாம். எட்டு என்று போட்டால், மேலே சொன்ன 225 மெகாபைட் கணக்கில் 1.8 கிகாபைட்டுக்குள் நிற்கும்.

இப்போது முக்கியமான இடம். இறக்கும் பகுதி பாதியில் நின்றால் என்ன ஆகும்? இங்கே வைடி-டிஎல்பி நன்றாகவே நடந்துகொள்ளும். முடியாத கோப்புக்குப் 'பார்ட்' என்ற வால் வைத்து எழுதும், முழுசாக வந்த பிறகுதான் உண்மையான பெயரைத் தரும். திரும்ப ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நீங்கள் சேர்க்கவேண்டியது 'டவுன்லோட்-ஆர்க்கைவ்' என்ற தெரிவு மட்டும். அது ஒரு உரைக் கோப்பில், இறக்கி முடிந்த ஒவ்வொரு வீடியோவின் அடையாள எண்ணையும் எழுதி வைக்கும். அடுத்த இரவு அந்த எண்களைத் தாண்டிப் போய்விடும். வீடியோவைப் பென் ட்ரைவுக்கு மாற்றிக் கணினியிலிருந்து அழித்துவிட்டாலும் திரும்ப இறக்காது. இந்தச் சிறு கோப்பை மட்டும் யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீடியோ தவறினாலும் மற்றவற்றைத் தொடரச் சொல்லும் தெரிவையும், லைன் விழுந்தால் சில நொடி விட்டு விட்டுப் பல முறை முயலச் சொல்லும் தெரிவையும் சேர்த்துவிட்டால் இந்தப் பக்கம் சரி.

கெடுவது மாற்றும் பக்கத்தில்தான். எஃப்எஃப்எம்பெக் அந்த மாதிரிப் 'பார்ட்' வால் எதுவும் வைக்காது. தொடங்கிய நொடியிலேயே இறுதிப் பெயரில் கோப்பை உருவாக்கிவிடும். எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் கோப்பு இருக்கும், அளவும் நூறு மெகாபைட் காட்டும், ஆனால் எந்தப் பிளேயரிலும் ஓடாது. இணையத்து மாதிரி ஸ்கிரிப்ட்கள் 'கோப்பு ஏற்கெனவே இருந்தால் தாண்டிப் போ' என்று எழுதியிருக்கும். அதாவது இந்தச் செத்த கோப்பை முடிந்த வேலை என்று நம்பி, இனி எந்த இரவும் அதைத் தொடாது. சனிக்கிழமை பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பாடம் ஓடாது என்று தெரியவரும்.

இதற்கு வழி, மூன்று போல்டர் வைப்பது: வந்தவை, வேலை, முடிந்தவை. 'வந்தவை'யில் இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் எடுத்து, அதே பெயரில் 'முடிந்தவை'யில் ஒன்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் 'வேலை' போல்டருக்குள் மாற்றவேண்டும் (ஏற்கெனவே டிவிக்கு ஏற்ற வடிவில் வந்ததை மாற்றாமல் அப்படியே நகர்த்தலாம்). எஃப்எஃப்எம்பெக் வெற்றியாக முடிந்தது என்று சொன்னால் மட்டும் 'முடிந்தவை'க்கு நகர்த்தவேண்டும். ஒரே ட்ரைவுக்குள் நகர்த்துவது என்பது பெயர் மாற்றம்தான், கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். அதனால் 'முடிந்தவை'யில் பாதிக் கோப்பு விழவே வாய்ப்பில்லை. ஸ்கிரிப்ட் தொடங்கும்போது 'வேலை' போல்டரில் மிச்சம் கிடப்பதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம், அவை நேற்றைய அரைகுறைகள்.

'வெற்றியாக முடிந்தால் மட்டும்' என்பதை எழுத, எஃப்எஃப்எம்பெக் கட்டளைக்கும் நகர்த்தும் கட்டளைக்கும் நடுவே && போடுங்கள். பலர், கட்டளை முடிந்ததும் தரும் எண்ணை 'எரர்லெவல் 1' என்று சோதிப்பார்கள். அது 1 அல்லது அதற்கு மேல் என்றுதான் பார்க்கும். சில முறிவுகளில் விண்டோஸ் எதிர்மறை எண் தரும், அது இந்தச் சோதனையில் வெற்றி மாதிரி நழுவிப் போய்விடும். && அப்படி ஏமாறாது.

கோப்புகளை ஒன்றொன்றாக எடுக்கும் 'ஃபார்' வரியில் ஒரு பழைய பொறி இருக்கிறது. விண்டோஸின் கறுப்புக் கட்டளைத் திரையில் கையால் தட்டும்போது மாறியின் (கோப்புப் பெயரைப் பிடித்து வைக்கும் எழுத்தின்) முன்னால் ஒரு %, பாட்ச் ஃபைலுக்குள் எழுதும்போது இரண்டு %%. திரையில் சோதித்துச் சரி வந்ததை அப்படியே ஃபைலில் ஒட்டி, ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அதிகம். வைடி-டிஎல்பியின் பெயர் அமைப்பிலும் % வரும், அங்கேயும் இரட்டிக்கவேண்டும்.

அப்புறம், 'நோஎஸ்டிடிஇன்' என்ற சிறு தெரிவை எஃப்எஃப்எம்பெக் வரியில் சேர்க்க மறக்காதீர்கள். சாதாரணமாக அது ஓடும்போது விசைப்பலகையையும் கவனித்துக்கொண்டிருக்கும், கியூ எழுத்தைத் தட்டினால் அழகாக முடித்துவிட்டு வெளியேறும். அந்த வெளியேற்றம் வெற்றி என்றே கணக்கில் வரும். நிலையத்தில் பிள்ளைகள் வந்து போவார்கள், யாராவது ஒரு விசையைத் தொட்டால் முப்பது நிமிடப் பாடம் பத்து நிமிடத்தோடு 'முடிந்தவை'க்குள் போய் உட்கார்ந்துவிடும்.

மாற்றும் அளவுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. படத்துக்கு எச்.264, தரத்துக்கு சிஆர்எஃப் 23. எண் கூடினால் கோப்பு சிறுக்கும், படம் மங்கும். பாடத்துக்கு 26 வரை போகலாம். நிற வடிவம் வையூவி420பி. உயரம் 480, அகலத்துக்கு -2 என்று கொடுங்கள், விகிதம் கெடாமல் இரட்டைப்படை எண்ணாக அதுவே கணக்கிடும். ஒலி ஏஏசி, 96 கிலோபிட். எச்.264 ஆகவே இறங்கி, பெட்டி மட்டும் வேறாக இருக்கும் கோப்புக்கு, திரும்பச் சுருக்காமல் அப்படியே 'கொப்பி' செய்யும் தெரிவைக் கொடுத்தால் சில நொடிகளில் எம்பி4 ஆகிவிடும். எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க எஃப்எஃப்எம்பெக்கோடு எஃப்எஃப்புரோப் என்ற சிறு கருவி கூடவே வருகிறது. 2011க்குப் பிறகு வந்த பல இன்டெல் கணினிகளில் குவிக் சிங்க் என்ற வன்பொருள் வசதி இருக்கும், அதைப் பாவித்தால் வேலை பல மடங்கு சீக்கிரம் முடியும். அதே அளவுக் கோப்பில் படம் சற்றுக் குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

பெயர் வைப்பதில் கவனமாக இருங்கள். வீடியோவின் தமிழ்த் தலைப்பையே கோப்புப் பெயராக வைக்க எல்லாருக்கும் ஆசை வரும். பல டிவிகள் அதைக் கட்டம் கட்டமாகக் காட்டும். தலைப்பில் இருக்கும் ஆச்சரியக்குறியைச் சில வகை பாட்ச் ஸ்கிரிப்ட்கள் தின்றுவிடும், பிறகு கோப்பைக் காணவில்லை என்று பிழை வரும். ஏற்றிய திகதியும் அடையாள எண்ணும் கொண்ட பெயர்தான் பாதுகாப்பு. திகதி கட்டாயம் முன்னால் வரட்டும். சில அடையாள எண்கள் சிறு கோட்டில் தொடங்கும். கோட்டில் தொடங்கும் பெயரை எஃப்எஃப்எம்பெக் ஒரு கட்டளைத் தெரிவு என்று நினைத்துத் திணறும். தமிழ்த் தலைப்புகளை, 'பிரிண்ட்-டு-ஃபைல்' என்ற தெரிவு மூலம், தனி உரைக் கோப்பில் எழுத வையுங்கள். அதை அச்சடித்து டிவிக்குப் பக்கத்தில் ஒட்டினால் எந்த எண் எந்தப் பாடம் என்று எல்லாருக்கும் விளங்கும். கறுப்புத் திரையில் தமிழ் தெரியவேண்டும் என்றால் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் குறிமுறையை 65001க்கு மாற்றுங்கள். ஃபைலை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், ஆனால் சில மென்பொருட்கள் கோப்பின் தொடக்கத்தில் சேர்க்கும் 'பொம்' என்ற மறைகுறி இல்லாமல். அந்தக் குறி இருந்தால் முதல் வரி பிழை தரும்.

இரவில் தானாக ஓட்ட விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் போதும். உங்கள் பொதியில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அது தொடங்கும் நேரத்துக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். இங்கே நம் பகுதிக்கு முக்கியமான ஒரு விஷயம். புதிதாக ஒரு வேலையைப் பதியும்போது 'மின்சாரத்தில் இருந்தால் மட்டும் தொடங்கு', 'பேட்டரிக்கு மாறினால் நிறுத்து' என்ற இரண்டும் தானாகவே தெரிவாகி இருக்கும். லாப்டொப்பில் நல்ல பேட்டரி இருந்தும், கரண்ட் போன அடுத்த நிமிடம் வேலை நின்றுவிடும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். 'தவறிப்போன ஓட்டத்தை முடிந்தவரை விரைவில் ஓட்டு' என்பதைத் தெரிவு செய்யுங்கள். மேசைக் கணினி என்றால் பயோஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் கணினியின் அமைப்புப் பக்கத்தில்) 'கரண்ட் திரும்பினால் தானாக எழும்பு' என்ற அமைப்பைப் போட்டு, கணினி எழும்பும்போதும் இந்த வேலை ஓடும்படி இன்னொரு தொடக்கத்தைச் சேருங்கள். நின்றால் கெடாத ஸ்கிரிப்ட் என்பதால் எத்தனை முறை தொடங்கினாலும் பாதகமில்லை. லாப்டொப்புக்குப் பேட்டரி இருந்தாலும் ரவுட்டருக்கு இல்லை. ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்க நிலையத்தில் பணம் ஒதுக்க முடிந்தால், மற்ற எல்லாச் செலவுக்கும் முன்னால் அதைச் செய்யுங்கள்.

ஸ்கிரிப்டுக்குள் சிறிது நேரம் காத்திருக்க 'டைம்அவுட்' கட்டளையை எழுதினால், ஆள் உள்நுழையாத நிலையில் அது வேலை செய்யாமல் பிழை தரலாம். காத்திருப்பதற்கு 'பிங்' கட்டளையை எண்ணிக்கை கொடுத்துப் பாவிப்பது பழைய வழி, ஆனால் நம்பலாம். திரையில் ஓடும் எல்லாச் செய்தியும் ஒரு லொக் கோப்பில் சேரட்டும்.

பென் ட்ரைவுக்கு ஏற்றுவதையும் ஸ்கிரிப்டே செய்யலாம், ஆனால் நேரடியாகப் பென் ட்ரைவுக்குள் மாற்றாதீர்கள். கணினியில் முடித்துவிட்டு, விண்டோஸோடு வரும் ரோபோகொப்பி என்ற கட்டளை மூலம் புதியவற்றை மட்டும் ஏற்றுங்கள். ரோபோகொப்பி வெற்றியாகக் கோப்பு ஏற்றினால் 1 என்ற எண்ணைத் தரும். அது பிழையில்லை, 8 அல்லது அதற்கு மேலே வந்தால்தான் பிழை. இந்த ஓரிடத்தில் && பாவிக்கவேண்டாம். பழைய டிவிகள் பல ஃபட்32 வகைப் பென் ட்ரைவை மட்டும்தான் படிக்கும். அதில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. பாடங்களுக்கு அது பிரச்சினையே இல்லை.

இனி கூத்துப் பதிவுகள். இவற்றைப் பாட வீடியோ மாதிரி நினைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாடம் தொலைந்தால் திரும்ப இறக்கலாம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன இடத்தில் ஓர் அண்ணாவியார் ஆடிய இரவைத் திரும்பப் பிடிக்க முடியாது. 2009இல் வன்னியிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் கலியாண அல்பத்தையோ ஒரு கசெட்டையோகூடக் கொண்டுவர முடியாதவர்கள் எத்தனையோ பேர். அந்த இழப்பு நடந்த மண்ணில் இருந்துகொண்டு, மிச்சம் பிடிக்கிறோம் என்று மூலப் பதிவைச் சுருக்கி, பிறகு மூலத்தை அழிப்பது சரியில்லை. கமரா தந்த கோப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், பெயரைக்கூட மாற்றவேண்டாம். அதை இரண்டு வேறு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்று நிலையத்திலும் மற்றது வேறு ஊரில் நம்பிக்கையான ஒருவரின் வீட்டிலும் இருக்கட்டும். டிவியில் காட்ட ஒரு சிறு பிரதி வேண்டும் என்றால், மேலே சொன்ன ஸ்கிரிப்ட் அந்தப் பிரதியைச் செய்யட்டும். மூலம் இருக்கும் போல்டரை அது படிக்கலாம், எழுதவோ அழிக்கவோ கூடாது.

கமராக் கோப்பு தொலைந்து, நிலையத்தின் யூடியூப் பக்கத்தில் மட்டும் இருக்கிறது என்றால் வைடி-டிஎல்பியால் எடுக்காதீர்கள். அது யூடியூப் சுருக்கிய பிரதியைத்தான் தரும். யூடியூப் ஸ்டூடியோவில் வரும் பதிவிறக்கமும் 720 அல்லது 360 அளவுதான். கூகுளிடம் இருக்கும் உங்கள் தரவைத் திரும்ப எடுக்கும் கூகுள் டேக்அவுட் மூலம் கேட்டால் பெரும்பாலும் நீங்கள் ஏற்றிய மூலக் கோப்பையே தரும். முடிந்தால் ஆடியவர்களின் சம்மதத்தோடு ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். 2005இல் எண்ணிம நூலகமாகத் தொடங்கியவர்கள் இப்போது ஒலி, ஒளிப் பதிவுகளுக்கும் ஆவணகம் என்ற தளம் வைத்திருக்கிறார்கள். கொடுக்கும்போது யார் ஆடியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் பதிவின் பெறுமதி பன்மடங்கு.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியரிடம் சம்மதம் கேட்டுத் தொடங்கியிருக்கிறீர்கள், அந்த வழியையே தொடருங்கள். யூடியூபின் விதிகள் அனுமதி இல்லாமல் இறக்குவதைத் தடுக்கின்றன. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த 'ஓம், காட்டுங்கோ' என்ற செய்தியைச் சேமித்து வைத்தாலே போதும், பிறகு பேச்சு வராது. கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இருப்பவற்றை அந்த உரிமத்தின் நிபந்தனைப்படி பாவிக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிமூலப் பாடங்கள் இருக்கின்றன, அங்கேயும் தேடிப் பாருங்கள். சினிமாப் படத்தையும் கட்டணத் தளங்களின் தொடர்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். நிலையத்தின் பெயரில் அதைச் செய்யவேண்டாம்.

தொடங்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதாதீர்கள். முதலில் பட்டியலில் மூன்று சிறிய வீடியோ மட்டும் போட்டு இறக்கும் பகுதியை ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ரவுட்டரை அணைத்துப் பாருங்கள். அது சரி என்றால் மாற்றும் பகுதியை எழுதி, பாதியில் கறுப்புத் திரையை மூடிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். 'முடிந்தவை'யில் ஓடாத கோப்பு ஒன்றுகூட இல்லை என்றால் அன்றிரவே ஷெட்யூலரில் போட்டுவிடலாம். எங்காவது நின்றால் லொக் கோப்பின் கடைசிப் பத்து வரியையும் டிவியின் மொடல் எண்ணையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.